மடவை மீனும் வெள்ளை ஒயினும்

பாரில் நிற்கிறவனுக்கு முதலில் போவது கால், அடுத்தது பொறுமை, கடைசியில் வேலை. எனக்கு மூன்றும் வரிசை தப்பாமல் போயின. உங்களிலும் தட்டு தூக்கியவர்கள், பில்லோடு காத்து நின்றவர்கள், "எக்ஸ்கியூஸ் மீ" என்ற குரலுக்குத் தூக்கத்திலும் எழுந்து உட்கார்கிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது. புரிந்தாலும் டிப்ஸ் வைக்க மாட்டார்கள்.

நான் ஆர்டர் எடுக்கும் கேப்டனாக இருந்த ஓட்டல் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு எதிரே, ஜி.என்.டி. ரோட்டின் மேலேயே இருக்கிறது. கீழே பாரோடு சேர்ந்த ரெஸ்டாரன்ட், மாடியில் ரூம்கள். மீஞ்சூரில் ரயிலேறிப் போய் வருவேன். இரும்பு உருக்கும் கம்பெனிகளின் தூசி எங்கள் கண்ணாடிக் கதவில் படியாத நாளே கிடையாது. மாடியில் ஏதோ ஒரு கார் உதிரிபாகக் கம்பெனிக்காக வந்த வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்கியிருந்தார்கள். அவர்கள் சாப்பாட்டோடு வெள்ளை ஒயின் கேட்கிறார்கள் என்று, நாசிக் பக்கத்துத் திராட்சையில் செய்ததைப் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கினார் முதலாளி. அடுக்கின கையோடு அந்தக் கம்பெனி தன் ஆட்களை ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டது. இன்ஜினியர்கள் போனார்கள், ஒயின் எங்களோடு தங்கிவிட்டது.

முதலாளி ஆந்திராவில் தடா பக்கத்துக்காரர். யாரைப் பார்த்தாலும் நைனா என்பார், கோபம் வந்தால் இரண்டு தரம் நைனா என்பார். ஆவணிக் கடைசியில் ஒரு நாள் என்னையும் மாசிலாமணியையும் கூப்பிட்டார். மாசிலாமணி எங்கள் மீன் சமையல்காரன், பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவன். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்று அவர்கள் ஊர் கூடி முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பேர். அவன் குப்பத்தில் மாசச் சம்பளத்துக்குப் போனவனுக்குப் பாடு கிடையாது. இவன் தன் பாட்டைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு எங்கள் அடுப்படிக்கு வந்தவன். இந்த அடுப்பு அணைந்தால் அவனுக்கு ஏரியும் இல்லை, எண்ணெய்ச் சட்டியும் இல்லை. என் கதை அதைவிட மோசம். ஐம்பதை நெருங்குகிறவன் புது ஓட்டலில் போய் நின்றால், "பையனுக்கு வேலை கேட்டு வந்தீங்களா?" என்பார்கள்.

முதலாளி பேசியது கொஞ்சம்தான். "மீனும் ஒயினும்னு வெளிய போர்டு வெக்கிறேன் நைனா. பொங்கலுக்குள்ள கூட்டம் சேர்ந்தா ரெஸ்டாரன்ட் இருக்கும். சேரலன்னா அத்தனையும் இடிச்சிட்டு கல்யாண ஹால் கட்டிடுவேன் நைனா."

கொய்யா வாசனை

எங்களுக்குப் பாடம் எடுக்க ஒயின் கம்பெனியின் சேல்ஸ் ஆள் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தார். காம்பைப் பிடி, கிளாசைச் சுற்று, மூக்கை உள்ளே விடு என்றார். பச்சை ஆப்பிள், கொய்யா, காய்ந்த புல் எல்லாம் வாசனை வருமாம். கூட மீனோ நண்டோ இருந்துவிட்டால் சொர்க்கமாம். நாங்கள் வரிசையில் நின்று மூக்கை விட்டோம். எனக்கு முந்தின நாள் வெட்டின வெங்காயம்தான் அடித்தது. பாத்திரம் கழுவும் லட்சுமி அக்கா ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு, "கொய்யாதான் வோணும்னா கொய்யாவே வாங்கித் துன்னலாமே" என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

பாடம் முடிந்து, பாவம் என்று அந்த ஆளை டீ குடிக்கக் கூட்டிப்போனேன். லாரிப் புழுதியில் நின்று டையைத் தளர்த்திக்கொண்டார். "நெஜமாவே ஒங்களுக்கு அந்த வாசனையெல்லாம் தெரியுதா சார்?" என்று கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு சைனஸ்ணா. ஒரு வாசனையும் தெரியாது. அவங்க எழுதிக் குடுத்தத மனப்பாடம் பண்ணிக்கினு வந்தேன்."

திருகு மூடி

போர்டு மாட்டின பிறகு முதல் ஒயின் ஆர்டர் கொடுத்தவர் ஒரு லாரி கான்ட்ராக்டர். நான் வெள்ளைத் துணியைக் கையில் போட்டு, பாட்டிலைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு போய், லேபிளைக் காட்டி, மூடியைத் திருகினேன். கிர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், மனுஷன் முகம் தொங்கிப்போய்விட்டது. கார்க் எங்கே என்றார். இப்போதெல்லாம் நல்ல ஒயினுக்கே இப்படித்தான் மூடி என்று நானும் சொல்லிப் பார்த்தேன். நாங்களே பின்னால் உட்கார்ந்து ஊற்றி மூடினதாக அவருக்குச் சந்தேகம். பிராந்தி கேட்டுவிட்டார். திறந்த பாட்டிலை என்ன செய்வது? ஃபிரிட்ஜில் வைத்தோம், இரண்டொரு நாளில் அது புளித்த மாதிரி ஆகிவிட்டது. போகும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "டிவில டப்புனு தொறக்கறான். நீ இன்னா கேப்டன், தலைவலித் தைலம் மாதிரி திருகுற?"

புரட்டாசி

முதலாளி கெடு வைத்தபோது பஞ்சாங்கம் பார்க்கவில்லை. நாங்களும் வாயைத் திறக்கவில்லை. புரட்டாசி பிறந்ததும் தொழிற்பேட்டையே சைவமாகிவிட்டது. வருகிற நாலு பேரும் கோபி மஞ்சூரியன் கேட்கிறார்கள். மீன் ஐஸில் கிடந்து கண் வெளுத்தது. ரோலிங் மில் சூப்பர்வைசர் ஒருவர், "கவிச்சி வாசன வந்தாலே ஊட்ல சேக்க மாட்டாங்க கேப்டன்" என்று ஏசிக்கு மட்டும் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

பேஜாராகிப் போய், சனிக்கிழமை மத்தியானம் முதலாளியிடம் முறையிடப் போனேன். நெற்றியில் பளிச்சென்று நாமம், எதிரே வாழை இலையில் புளியோதரை. கூட்டமே வரவில்லை, கெடுவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்றேன். ஒரு வாய் மென்று முழுங்கிவிட்டு நிமிர்ந்தார். "நானே சாப்பிடல நைனா, அவங்க எப்படி சாப்பிடுவாங்க?"

தண்ணி

ஐப்பசியில் மழையோடு கொஞ்சம் கூட்டமும் வந்தது. வள்ளூர் பக்கம் பவர் பிளான்ட்டில் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவர்கள் ஆறேழு பேர், போர்டைப் பார்த்துவிட்டு, "அதையே குடுங்க" என்றார்கள். மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. முந்தின நாளே வைத்து ஊறவிட்ட மீன் குழம்பை எடுத்தான். புளியும் மிளகாயும் போட்டிபோட்டுக்கொண்டு செக்கச் சிவந்து நின்றது. நான் ஒயினை ஜில்லென்று ஊற்றினேன்.

ஒரு வாய் குழம்பு, ஒரு மடக்கு ஒயின். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் புளிக்கும் காரத்துக்கும் முன்னால் நாசிக்காவது திராட்சையாவது, நாக்கில் ஒன்றுமே நிற்கவில்லை. அவர்களில் மூத்தவர் என் மனசு நோகக் கூடாதென்று மெல்லக் கூப்பிட்டுச் சொன்னார்: "குழம்பு ஃபஸ்ட் கிளாஸ் கேப்டன். அந்தத் தண்ணிய மட்டும் மாத்திக் குடு."

சுட்ட மடவை

அன்றைக்கு மாசிலாமணி மேல் எரிந்து விழுந்தேன். "ஒன் கொழம்பு என் ஒயின சாவடிச்சிருச்சுடா" என்றேன். அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "எங்க ஊர்ல கொழம்ப யாரும் கொற சொன்னதில்ல" என்று போய்விட்டான். ரோஷக்காரன். மறுநாள் காலை நாஷ்டா முடிந்த நேரத்தில் கொல்லைப்பக்கம் கரி அடுப்பு புகைந்தது. ஏரியிலிருந்து தம்பி கொண்டுவந்த மடவையில் உப்பும் மிளகும் மட்டும் தடவிச் சுட்டு, எலுமிச்சையைப் பிழிந்து நீட்டினான். கல் நண்டை வேகவைத்து, பச்சை மிளகாய் கிள்ளிப்போட்டு, தேங்காய்ப்பாலில் புரட்டியிருந்தான். நான் போய் ஒயினை எடுத்து வந்தேன். மடவைக்கு ஒரு கொழுப்பு உண்டு, நாக்கில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஒயினின் மெல்லிய புளிப்பு அதைக் கழுவிவிட்டு அடுத்த வாய்க்கு இடம் பண்ணியது. நண்டின் தித்திப்போடும் சண்டை போடவில்லை. அந்த சைனஸ்காரர் மனப்பாடம் பண்ணினது பொய்யில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

அந்த வாரமே வேப்பம்பட்டிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி காரில் வந்தார்கள். அவருக்கு இங்கே ஒரு கம்பெனியில் வேலை. மடவையும் ஒயினும் வைத்தேன். அவர் குடித்தார், அந்த அம்மா சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு மடக்கு. பிறகு கிளாசே அந்தப் பக்கம் போய்விட்டது. மீன் முள்ளைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. அடுத்த வாரம் இன்னும் இரண்டு ஜோடிகளைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி, சொன்னபடி வந்தார்கள். முதலாளி ஓரமாக நின்று பார்த்துவிட்டு ஒரே ஒரு நைனா சொன்னார். அந்த அம்மா முதல் நாள் கை கழுவப் போகிற வழியில் என்னிடம் சொன்னது: "ஊட்ல யாருக்குனா தெரிஞ்சா அவ்ளோதாண்ணா. நான் குடிச்சது ஜூஸு, ஞாபகம் வெச்சிக்கோங்க."

கறுப்பு வேட்டி

கார்த்திகை ஒண்ணாம் தேதி. மாசிலாமணி செருப்பில்லாமல், கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசி மாலையுமாக வந்து அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டான். "இன்னாடா பண்ணிவெச்சிருக்க?" என்று வாய்வரை வந்ததை முழுங்கினேன். மாலை போட்டவரை டா போட முடியாது. "இன்னா சாமி இது?" என்றேன்.

"இந்த அடுப்பு அணையக் கூடாதுன்னு வேண்டிக்கினு போட்டேன் சாமி."

"அடுப்புல மீன வெக்கறதே நீதானே சாமி?"

"மாலயப் போட்டுக்கினு கவிச்சியத் தொட முடியுங்களா? ஜோதி பாக்கற வரைக்கும் சைவப் பக்கம் நின்னுக்கறேன்."

பின்பக்கம் எங்களுக்குத் தனியாக ஒரு சைவ அடுப்படி உண்டு. அங்கே போய் நின்றான். மீனைக் காப்பாற்றச் சொல்லிச் சாமியிடம் கேட்டுவிட்டு, மீனைக் கைவிட்டு வந்து நிற்கிறான். இதற்கு என்ன சொல்லித் திட்டுவது? எனக்கும் சேர்த்துத்தானே கல்லிலும் முள்ளிலும் நடக்கப் போகிறான். கோபம் கோபமாக வந்தது, கண்ணும் கலங்கியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே சமாதானம் சொன்னான்: "நீங்களும் போட்டிருக்கலாம் சாமி. ரெண்டு பேரா கேட்டா சீக்கிரம் காதுல விழும்."

கொழுத்த மீன்

மழை கொட்டி முகத்துவாரம் திறந்தால் மடவைக்குக் கொழுப்பேறும் என்று மாசிலாமணி முன்பே சொல்லியிருந்தான். அதே போல அவன் தம்பி பெட்டி நிறையக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் முழங்கை நீளம், சினை தள்ளிக்கொண்டு நின்றது. சமைக்கத்தான் ஆள் இல்லை. முதலாளி அந்த வேலையைக் கோபி மஞ்சூரியன் போடும் சைனீஸ் மாஸ்டரிடம் கொடுத்தார். அவர் நல்ல மனுஷன், ஆனால் அவருக்கு எதைக் கொடுத்தாலும் ஒரே வழிதான். மடவையைத் துண்டு போட்டு, மாவில் புரட்டிப் பொரித்து, சோயா சாஸில் முக்கி எடுத்தார்.

வேப்பம்பட்டு ஜோடி வந்தது. அந்த அம்மா ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, "அந்தப் பழைய மாஸ்டர் இல்லையாண்ணா?" என்று கேட்டது. மாலை போட்டிருக்கிறார் என்றேன். அதற்கு மேல் அவர்களும் என்ன சொல்வார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் வரவேயில்லை. தம்பி பெட்டியைத் திரும்ப வாங்கிப்போக வந்தவன், தட்டில் மிஞ்சிக் கிடந்ததைப் பார்த்தான். அண்ணன் விட்டுக்கொடுத்த பாடு முறையில் விழுந்த மீன் அது. "இதுக்கு அது தண்ணியிலயே இருந்திருக்கலாம்" என்றான்.

பக்கவாட்டுக் கதவு

மார்கழியில் முன்பக்கம் நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். பக்கவாட்டுக் கதவுப் பக்கம் வேறு கதை நடந்தது. மில்களில் பாதிப் பேர் மாலை போட்டிருந்தார்கள். கண்ட இடத்தில் கை நனைக்கக் கூடாதவர்கள் அவர்கள். ஒரு சாமியே குளித்து முழுகிச் சமைக்கிறார் என்ற பேச்சு எப்படியோ பரவிவிட்டது. கறுப்பும் நீலமுமாகப் பக்கவாட்டுக் கதவில் வந்து நின்றார்கள். இலை போட்டு, சாம்பார், கூட்டு, பாயசம். சாம்பார் வாளி ஒரு நாளும் மிஞ்சினதில்லை. நான் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அங்கேயும் போய்ப் பரிமாறினேன். முதலாளி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

வரிசையில் அந்த லாரி கான்ட்ராக்டரும் இருந்தார், கழுத்தில் மாலை, கையில் இலை. என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். இரண்டு தரம் சாம்பார் வாங்கிக்கொண்டு, மனசாரச் சொன்னார்: "சாமி, இத மொதல்லயே போட்டிருந்தா அந்தத் திருகுற பாட்டில் ஒங்களுக்கு எதுக்கு சாமி?"

நேர்த்திக்கடன்

பொங்கல் போயிற்று. மாசிலாமணி மலைக்குப் போய் ஜோதி பார்த்துவிட்டு, மாலையைக் கழற்றி, கையில் அரவணைப் பிரசாத டப்பாவோடு வேலைக்கு வந்தான். மீனும் ஒயினும் போர்டு அதற்குள் இறக்கியாகிவிட்டது. பார் கவுன்ட்டரை இரண்டு பேர் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி அவனைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். கல்யாண ஹால் வரப்போகிறது, முழுக்கச் சைவம், அந்தச் சாம்பார் போதும், நீதான் தலைமைச் சமையல் என்றார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். முதலாளியும் பார்த்தார். "கல்யாண ஹால்ல கேப்டனுக்கு இன்னா வேல இருக்கு நைனா?" என்றார். ஒரே ஒரு நைனாதான். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மிச்சமிருந்த ஒயின் பெட்டிகளை மாடியில் ஏற்றிவிட்டு, ஒரு பாட்டிலை மட்டும் முதலாளியே என் கையில் கொடுத்தார். சாயங்காலம் மாசிலாமணி கொல்லையில் கரி மூட்டி, கடைசியாக ஒரு மடவையைச் சுட்டான். கிளாசெல்லாம் கட்டிப் போட்டாயிற்று, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டோம். மீன் பழைய மாதிரியே இருந்தது. ஒயினும் பழைய மாதிரியே அதோடு சேர்ந்தது. இனிமேல் இவன் இந்த இடத்தில் மீனைத் தொடப் போவதில்லை, நான் இந்த இடத்துக்கே வரப் போவதில்லை. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், வாய் சும்மா இருக்கவில்லை.

"சாமிகிட்ட இன்னாதாண்டா கேட்ட?"

"அடுப்பு அணையக் கூடாதுன்னு கேட்டேண்ணா. அணையல."

"என் வேலயப் பத்தி ஒண்ணும் கேக்கலயா?"

அவன் அடுப்பில் மிச்சமிருந்த பாதி மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தான், அது வெந்து நேரமாகியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்: "பதினெட்டாம் படி ஏறும்போது ஒங்க நெனப்புதாண்ணா. ஆனா பாரப் பத்தி சாமிகிட்ட எப்படிண்ணா பேசறது?"

ஆக, தொழில் தோழர்களே, வெள்ளை ஒயினோடு சுட்ட மடவை சேரும், சாம்பாரோடு கல்யாணம் சேரும், பார் கேப்டனோடு என்ன சேரும் என்றுதான் இன்னும் மீஞ்சூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.